வயலுக்குள் வந்த காட்மியம்: சுரங்கத்தை அடுத்த மண்ணில் கன உலோகங்கள்

ஒரு கிலோ வயல் மண்ணை அள்ளி எடுக்கிறோம் என்றும், அதில் இரண்டு மில்லிகிராம் காட்மியம் கலந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கல் உப்புப் பரலின் எடைகூட அந்தக் காட்மியத்துக்கு இராது. மண்ணின் நிறம் மாறாது, வாடை வராது, நெற்பயிரும் பெரும்பாலும் வழக்கம்போலத் தூர் கட்டிக் கதிர் விடும். ஆனால் அந்த மண்ணின் தன்மையும் நீர் பாய்ச்சும் முறையும் காட்மியம் பயிருக்குள் ஏறச் சாதகமாக அமைந்துவிட்டால், அந்த வயலில் விளையும் அரிசியை இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து உண்பவரின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அந்த அளவே போதுமானது. இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய கேட்டை எப்படிச் செய்கிறது என்று புரிந்துகொண்டால், சுரங்கங்களை அடுத்த நிலங்களில் ஏற்படும் கன உலோக மாசைப் பற்றி அடிப்படையாக அறிய வேண்டியதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

கன உலோகங்கள் என்ற சொல்லுக்கு அறிவியலில் கறாரான ஒரே வரையறை இல்லை. நடைமுறையில், அடர்த்தி மிகுந்தும் உயிர்களுக்குக் கேடு விளைவிக்கக்கூடியதாகவும் உள்ள ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் போன்றவற்றை அப்படி அழைக்கிறோம். ஆர்சனிக் முழுமையான உலோகம் இல்லை என்றாலும் அதன் குணம் கருதி இந்த வரிசையிலேயே சேர்க்கப்படுகிறது. துத்தநாகமும் செம்பும் உடலுக்குச் சிறிதளவு தேவைப்படுபவை. அளவு மிஞ்சும்போதுதான் அவை தீங்காகின்றன. காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் மனித உடலில் எந்த வேலையும் கிடையாது.

இவை அனைத்துக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இவை தனிமங்கள் என்பதால் சிதைவதில்லை. பல பூச்சிக்கொல்லிகளை நுண்ணுயிர்களும் சூரிய ஒளியும் காலப்போக்கில் உடைத்துவிடுகின்றன. சாணமும் சருகும் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடுகின்றன. ஈய அணுவை உடைக்க எந்த நுண்ணுயிராலும் முடியாது. அது ஓர் உப்பிலிருந்து இன்னொரு உப்பாக மாறலாம், மண்ணிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து செடிக்கும் இடம் பெயரலாம், ஆனால் இல்லாமல் போவதில்லை. ஆகவே கன உலோக மாசைப் பொறுத்தவரை, உலோகம் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. அது எந்த வடிவத்தில் இருக்கிறது, எந்த வழியாக மனித உடலுக்குள் வருகிறது, அந்த வழியை எங்கே அடைக்கலாம் என்பனவே நம்மை உண்மையான விடைக்கு அழைத்துச் செல்லும் கேள்விகள் என்று நான் கருதுகிறேன்.

பூமிக்கடியில் பாறைக்குள் இருக்கும்வரை இந்த உலோகங்களால் யாருக்கும் தொல்லை இல்லை. ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த சல்பைடுகளாக, நீரில் எளிதில் கரையாத நிலையில், ஆழத்தில் காற்றுப் படாமல் கிடக்கின்றன. துத்தநாகத் தாதுவில் சிறிதளவு காட்மியமும் இயல்பாகவே கலந்திருக்கும், ஏனெனில் இரண்டும் வேதியியல் குணத்தில் நெருங்கிய உறவுடையவை. சுரங்கம் தோண்டும்போது இந்தப் பாறை மேலே வருகிறது. உலோகத்தைப் பிரித்தெடுப்பதற்காக மாவுபோல அரைக்கப்படுகிறது. வேண்டிய பகுதியை எடுத்த பிறகு எஞ்சும் நுண்ணிய தாதுக் கழிவு மலைமலையாகக் குவிக்கப்படுகிறது அல்லது சேறாக அணைக்கட்டுகளில் தேக்கப்படுகிறது. கோலார் தங்கவயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும், தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்புகளையொட்டி அந்தச் சாம்பல் நிறக் கழிவு மேடுகள் நிற்கின்றன. காற்றடிக்கும்போது அவற்றின் தூசி தெருவுக்குள் வருகிறது.

அரைக்கப்பட்ட கழிவில் காற்றும் மழைநீரும் படும்போது சல்பைடுகள் ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. குறிப்பாக இரும்பு சல்பைடு மிகுந்த கழிவாக இருந்தால் கந்தக அமிலம் உருவாகிறது; சில பாக்டீரியாக்கள் இந்த வினையைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன. பாறையில் கரையாமல் கிடந்த உலோகங்களை அந்த அமிலம் கரைத்து ஓடைகளில் சேர்க்கிறது. உருக்காலை இருக்குமானால் புகைபோக்கியின் வழியாகவும் உலோகத் துகள்கள் வெளியேறிச் சுற்றுவட்டார நிலங்களின் மேல் படிகின்றன. ஆக நீர், தூசி, புகை என்ற மூன்று வழிகளிலும் வந்து சேருமிடம் ஒன்றுதான்: மண்ணின் மேற்பரப்பு, அதாவது ஏர் உழும் ஆழத்துக்கு உட்பட்ட மேல்மண். களிமண் துகள்களும், மக்கிய பொருள்களும், இரும்பு ஆக்சைடுகளும் உலோகங்களைப் பற்றிக்கொள்வதால் அவை பெரும்பாலும் கீழே இறங்காமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. நிலத்தடி நீருக்கு இது ஓரளவு பாதுகாப்பு. பயிரின் வேர்களோ அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

இவையெல்லாம் ஒரே இடத்தில் கண்கூடாக நடந்த வரலாறு ஜப்பானில் இருக்கிறது. கிஃபு மாகாணத்து மலைகளில் காமியோகா என்ற பழைய சுரங்கம் உள்ளது. நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றிய ஆராய்ச்சியைப் படித்தவர்கள் அறிந்த காமியோகா இதுவேதான். அந்த ஆய்வுக்கூடம் இதே சுரங்கத்தின் ஆழத்தில் அமைந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது மிட்சுயி நிறுவனத்தின் கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கு துத்தநாகம் பெருமளவில் எடுக்கப்பட்டது. போர்க் காலங்களில் உற்பத்தி மேலும் பெருகியது. துத்தநாகத்தோடு வந்த காட்மியம் கழிவுநீரிலும் நுண்ணிய கழிவுத் துகள்களிலும் கலந்து ஆற்றுக்குள் போயிற்று. அந்த நீர் ஜின்சு ஆறாக வடக்கு நோக்கி ஓடி, தோயாமா சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்ந்து, தோயாமா வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றையும் வாய்க்காலையும் அப்பகுதி மக்கள் குடிப்பதற்கும் சமைப்பதற்கும்கூடப் பயன்படுத்தினார்கள்.

வண்டலோடு வரும் நீர் வயலுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த இடத்தில் வண்டல் படிகிறது. அதனால் மாசடைந்த வயல்களில் வாய்மடையை அடுத்த பகுதியில் காட்மியம் மிகுந்தும், கடைமடைப் பக்கம் குறைந்தும் காணப்பட்டது. நீர் நுழையும் இடத்தில் பயிர் குன்றுவதைக் கண்டு, மருத்துவர்கள் கண்டுசொல்வதற்கு நெடுங்காலம் முன்பே, சுரங்கத்து நச்சுநீர்தான் காரணம் என்று ஜின்சு உழவர்கள் முறையிட்டிருந்தார்கள். இந்தச் செய்தியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆய்வுக்கூடம் சொல்வதற்கு முன்பே வயல் சொல்லிவிட்டது.

அப்பகுதியில் ஒரு விசித்திரமான நோய் பரவியிருந்தது. நடுவயதைக் கடந்த பெண்களுக்கு, அதிலும் பல பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, முதலில் இடுப்பிலும் முதுகிலும் வலி வரும். பின்பு வாத்துபோல அசைந்து நடப்பார்கள். இறுதியில் படுக்கையில் விழுவார்கள். இருமினாலும், புரண்டு படுத்தாலும், மருத்துவர் நாடி பார்க்கக் கையைத் தூக்கினாலும்கூட எலும்பு முறியும். "வலிக்கிறது, வலிக்கிறது" என்று பொருள்படும் "இத்தாய், இத்தாய்" என்ற அவர்களுடைய அலறலே நோயின் பெயராகிவிட்டது. அந்த ஊரிலேயே மருத்துவமனை நடத்திவந்த நொபோரு ஹாகினோ என்ற மருத்துவர் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்; 1955-ல் இந்நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தபோது, அவை ஜின்சு ஆற்று நீர் பாயும் பகுதிக்குள்ளேயே அடங்கின. வேளாண் அறிஞர் கின்இச்சி யோஷியோகாவும் வேதியியலாளர் ஜூன் கொபாயாஷியும் உடன் உழைக்க, 1961 வாக்கில் காட்மியமே காரணம் என்ற கருத்து வெளியிடப்பட்டது. எளிதில் ஏற்கப்படவில்லை. ஊட்டக்குறைவுதான் காரணம் என்ற வாதம் நீண்டது. 1968 மே மாதத்தில்தான் ஜப்பான் அரசு, காமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியத்தால் ஏற்பட்ட நோய் இது என்று அறிவித்தது. மாசினால் விளைந்த நோயென்று அந்நாட்டு அரசு முதன்முதலில் ஏற்றுக்கொண்டது இதைத்தான். அரசு முறைப்படி அங்கீகரித்த நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 200. அங்கீகாரம் தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். உண்ணும் காட்மியத்தில் மிகச் சிறு பங்குதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. ஆனால் உள்ளே போனது எளிதில் வெளியேறுவதில்லை. சிறுநீரகத்தில் சேரும் காட்மியத்தில் பாதி குறைவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். அங்கே இரத்தத்தை வடிகட்டியபின், உடலுக்கு வேண்டிய பொருள்களைச் சிறுநீரிலிருந்து மீட்டெடுக்கும் நுண்குழல்களை அது சிதைக்கிறது. அவை பழுதானால் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சிறிய புரதங்களும் எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டும் சிறுநீரோடு போய்விடுகின்றன. வைட்டமின் டி-யைச் செயலுக்கு உகந்த வடிவத்துக்கு மாற்றும் வேலையும் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்பதால் அதுவும் தடைபடுகிறது. தாது உப்புகள் படியாத எலும்பு மென்மையாகி வளைகிறது, பிறகு முறிகிறது. பெண்கள் ஏன் மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள் என்பதற்கும் உடலில் விடை இருக்கிறது: இரும்புச்சத்துக் குறைந்த உடல், இரும்பைத் தேடும் அதே வாயில் வழியாகக் காட்மியத்தையும் கூடுதலாக உள்ளே விடுகிறது. அடுத்தடுத்த பேறுகாலங்களும் பாலூட்டலும் இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் குறைத்திருந்த உடல்கள் அவை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் (மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை காட்மியம் உட்கொள்வதைப் பொறுக்கத்தக்க அளவாக 2010-ல் வகுத்தது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் ஆகிறது. ஒரு கிலோ அரிசியில் ஒரு மில்லிகிராம் காட்மியம் இருந்து, அதில் நாள்தோறும் 300 கிராம் சமைத்து உண்டால் 300 மைக்ரோகிராம் உள்ளே போகிறது; பொறுக்கத்தக்க அளவைப்போல் ஆறு மடங்கு. எப்போதாவது உண்ணும் பண்டத்தில் இதே அளவு இருந்திருந்தால் கவலை வெகுவாகக் குறைவு. மூன்று வேளையும் உண்ணும் தானியத்தில் இருப்பதுதான் ஆபத்து. அனைத்துலக உணவுத் தர நெறிகள் தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பை வகுத்திருக்கின்றன. ஜப்பானும் தன் பழைய வரம்பான ஒரு மில்லிகிராமை 2011-ல் அந்த அளவுக்குக் குறைத்தது. அரிசிச் சோறே முதன்மை உணவாக உள்ளவர்களுக்கு அந்த வரம்புகூடத் தாராளமானது என்பதை மேற்கண்ட கணக்கை வைத்தே உணரலாம்.

அதே காட்மியம் உள்ள இரண்டு வயல்களில் ஒன்றின் அரிசி மாசடைந்தும் மற்றொன்றின் அரிசி தப்பியும் இருக்கலாம் என்பது இத்துறையில் புதிதாக நுழைபவரை வியக்கவைக்கும் செய்தி. வயலில் நீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுப் புகுவதில்லை. அந்த நிலையில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. காட்மியம் அதனோடு சேர்ந்து, சுரங்கப் பாறையில் இருந்ததைப் போலவே கரையாத பொருளாகிவிடுகிறது. அறுவடைக்காக நீரை வடித்து வயலைக் காயவிட்டதும் காற்றுப் புகுந்து, சல்பைடு உடைந்து, காட்மியம் மீண்டும் கரைகிறது. கதிர் வந்து பால் பிடிக்கும் பருவத்தில் இது நிகழ்ந்தால் நேரே மணிக்குள் போகிறது. ஆகவேதான் காட்மியம் உள்ள வயல்களில் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மூன்று வாரம் பின்புவரை நீரைத் தேக்கிவைக்குமாறு ஜப்பானிய உழவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. சுண்ணாம்பு இட்டு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்தாலும் காட்மியம் வேருக்குக் கிடைப்பது குறையும்.

ஆனால் மண்ணில் ஆர்சனிக்கும் இருக்குமானால் கதை தலைகீழாகிறது. நீர் கட்டிய வயலில் இரும்பு ஆக்சைடுகள் கரையும்போது அவை பற்றியிருந்த ஆர்சனிக் விடுபட்டு வேருக்குப் போகிறது. காட்மியத்துக்கு அஞ்சி நீரைத் தேக்கினால் ஆர்சனிக் ஏறும். ஆர்சனிக்குக்கு அஞ்சி வடித்தால் காட்மியம் ஏறும். இந்த இக்கட்டிலிருந்து மீள, வேரில் காட்மியத்தை உள்ளே இழுக்கும் மரபணு செயலிழந்த நெல் வகையை ஜப்பானிய ஆய்வாளர்கள் அயனிக் கற்றையைச் செலுத்தி உருவாக்கி 2012-ல் வெளியிட்டார்கள். மண்ணில் காட்மியம் அப்படியே இருக்கும். வாயில் மட்டும் மூடியிருக்கும்.

ஈயத்தின் வழி வேறு. ஈயம் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்வதால் நெல்மணிக்குள் போவது ஒப்பளவில் குறைவு. அது தூசியாகவே உடலுக்குள் வருகிறது. சாம்பியாவின் கப்வே நகரில் ஈய, துத்தநாகச் சுரங்கமும் உருக்காலையும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இயங்கி 1994-ல் மூடப்பட்டன. சுற்றியுள்ள குடியிருப்புகளின் மண்ணில் இன்றும் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஈயம் இருக்கிறது. சுரங்கம் நின்ற பிறகு பிறந்த குழந்தைகளின் இரத்தத்திலும் அது காணப்படுகிறது. தவழும் குழந்தை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. வீட்டுக்குள் படியும் தூசியைச் சுவாசிக்கிறது. உட்சென்ற ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைப்போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது. சுண்ணாம்புச் சத்துபோலவே நடந்துகொண்டு எலும்பில் தங்கும் ஈயம், வளரும் மூளையைக் கெடுத்துக் கற்கும் திறனைக் குறைக்கிறது. கேடற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை.

2010-ல் நைஜீரியாவின் சாம்ஃபாரா மாநிலத்தில் நடந்ததோ இன்னும் கொடியது. தங்கத்துக்காகக் கிராமத்தவர்கள் வெட்டிக்கொண்டுவந்த பாறையில் ஈயம் மிகுந்திருந்தது. அதை வீட்டு முற்றங்களிலேயே, தானியம் அரைக்கும் இயந்திரங்களில் அரைத்தார்கள். சில மாதங்களுக்குள் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கே சென்ற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, முற்றத்து மேல்மண்ணைச் சுரண்டி அகற்றி நல்ல மண் இடப்பட்ட பிறகே அந்தந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சையைத் தொடங்கியது. மருந்தால் இரத்தத்தைத் தூய்மைப்படுத்திய குழந்தையை அதே முற்றத்துக்குத் திருப்பி அனுப்புவதில் பயனில்லை என்பதே காரணம். மண்ணைச் சீர்செய்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இதிலிருந்து மண் பரிசோதனை முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் விளங்கும். மொத்த அளவை மட்டும் தரும் அறிக்கை பாதிச் செய்தியையே சொல்கிறது. அமிலத்தன்மை, மக்குப் பொருளின் அளவு, செடிக்கு எட்டும் வடிவில் உள்ள பங்கு ஆகியவற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாக விளைபொருளையும் சோதித்தால்தான் வயலின் உண்மை நிலை தெரியும். குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் மேலே கிடக்கும் ஓரிரு சென்டிமீட்டர் மண்ணையும் வீட்டுக்குள் படிந்த தூசியையும் தனியே எடுக்க வேண்டும்; வயலாக இருந்தால் வேர் பரவும் ஆழம் முழுவதும் எடுக்க வேண்டும். உலோகத்தை உறிஞ்சும் செடிகளை வளர்த்து மண்ணைத் தூய்மைப்படுத்தலாம் என்று அடிக்கடி படிக்கிறோம். அத்தகைய செடிகள் உண்மையிலேயே இருக்கின்றன; எனினும் பெரும்பாலான நிலங்களில் அது மிக மெதுவான வேலை, அறுத்த செடிகளையும் நச்சுக் கழிவாகவே கையாள வேண்டும். நாளை உண்ணப்போகும் குடும்பத்துக்கு அதை ஒரு தீர்வாக முன்வைப்பது நேர்மையாகாது என்பது என் கருத்து.

ஜின்சு மக்கள் 1968-ல் வழக்குத் தொடுத்து, 1971-ல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1972 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். நோயாளிகளுக்கு இழப்பீடு தருவதோடு, வயல்களைச் சீர்செய்யும் பொறுப்பையும் நிறுவனம் ஏற்றது. அத்துடன் அவர்கள் பெற்ற இன்னொரு உரிமை மிகவும் அருமையானது: விரும்பும்போது, தாங்கள் தேர்ந்த அறிஞர்களோடு, நிறுவனத்தின் செலவிலேயே சுரங்கத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் சென்று சோதிக்கலாம். அன்றுமுதல் ஆண்டுதோறும் அவர்கள் சென்றுவந்தார்கள். கசிவுகள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து அடைக்கப்பட்டன. ஆற்று நீரில் காட்மியம் இயற்கையான அளவுக்கு இறங்கியது.

வயல்களுக்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது. மாசடைந்ததாக அறிவிக்கப்பட்ட நிலம் சுமார் 1,500 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 863 ஹெக்டேர் சீர்செய்யப்பட்டது. பணி முடிய 33 ஆண்டுகளும் சுமார் 4,070 கோடி யென்னும் செலவாகி, 2012-ல்தான் நிறைவுற்றது. எஞ்சியதில் பெரும்பகுதி வேறு பயன்பாட்டுக்கு மாறிப்போயிற்று. மாசடைந்த மேல்மண்ணை வாரி ஆழத்தில் புதைத்து, அதன்மேல் இறுகிய அடுக்கு ஒன்றை அமைத்து, மலைகளிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணைப் பரப்பி, அந்தச் சத்தில்லாத புது மண்ணுக்கு எருவிட்டு மீண்டும் வயலாக்கினார்கள். இன்று அங்கே விளையும் அரிசி நல்ல அரிசி. அப்படிப் புதைத்துச் சீர்செய்த வயல்களில், நெல்லின் வேர் எட்டாத ஆழத்தில், பழைய காட்மியம் குறையாமல் அப்படியே இருக்கிறது. அந்த நிலத்தில் வீட்டுக்கு அடித்தளம் போடவோ வாய்க்கால் வெட்டவோ முனைபவர் எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதை முதலில் கேட்டறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.